மழை ஓய்ந்த பிறகும் திரும்பாத சிக்னல்

சூரியநெல்லி, தேவிகுளம், வண்டிப்பெரியாறு பக்கம் டிஷ் வைத்திருக்கிறவரிடம் படம் ஏன் நின்றுவிட்டது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். ஒன்று, மஞ்சு மூடிவிட்டது. இன்னொன்று, எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னே நின்று சிக்னலைப் பெருக்கி இறக்கித் தரும் சிறு பெட்டி) போய்விட்டது. முதல் பதிலைச் சொல்பவர் காத்திருக்கிறார். இரண்டாவதைச் சொல்பவர் புதிதாக ஒன்று வாங்கி மாட்டுகிறார். கோபுரத்து மைக்ரோவேவ் இணைப்பைப் பராமரிப்பவரும் இதே இரண்டு பழக்கங்களில்தான் மாட்டிக்கொள்கிறார். செலவு மட்டும் கூடுதல். இந்தப் பகுதியின் பழுதுகளில் பெரும்பங்கு ஆகாயத்திலும் இல்லை, டிரான்சிஸ்டருக்குள்ளும் இல்லை; இரண்டுக்கும் நடுவே உள்ள மூடியிலும் கனெக்டரிலும் கிரவுண்ட் துளையிலும் பெட்டியின் விளிம்பிலும் இருக்கின்றன என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அதைக் கண்டுபிடிக்கப் பல லட்சம் ரூபாய்க் கருவி முதலில் தேவையில்லை. பழுது எந்த நேரத்தில் வந்தது, எவ்வளவு நேரத்தில் விலகியது என்று குறித்துவைத்தாலே பெட்டியைத் திறப்பதற்கு முன் பாதி விடை கிடைத்துவிடும்.

மஞ்சின் மேல் சுமத்தப்படும் பழியை முதலில் பார்ப்போம். மூடுபனியின் நீர்த்துளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு அளவே இருக்கும். டிஷ்ஷுக்கு வரும் 12 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 25 மில்லிமீட்டர். அத்தனை சிறிய துளி அந்த அலையை ஏறக்குறைய தொடுவதே இல்லை. எதிரே நிற்கும் ஆள் தெரியாத அளவு அடர்ந்த பனியிலும் ஒரு கனமீட்டர் காற்றில் மிதக்கும் தண்ணீர் அரை கிராம் அளவுதான். 12 ஜிகாஹெர்ட்ஸில் அதனால் வரும் இழப்பு கிலோமீட்டருக்கு ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. கண்ணை மறைப்பது சிக்னலையும் மறைக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒளியின் அலைநீளம் அந்தத் துளியைவிடப் பல மடங்கு சிறியது. மைக்ரோவேவின் அலைநீளம் ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரியது. ஆகவே மழை இல்லாத வெறும் மஞ்சில் ஒரு டிஷ் படுத்துக்கொள்கிறது என்றால், மஞ்சு வழியை மறிக்கவில்லை, கருவிக்குள் புகுந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். எல்.என்.பி.யின் வாயான ஹார்னின் பிளாஸ்டிக் மூடியில் படிந்த நீர்ப்படலம், விரிசல் வழியே உள்ளே போய்க் குளிர்ந்து துளித்த ஆவி, கனெக்டரின் உள்ளே நின்ற ஈரம் ஆகியவையே சந்தேகத்துக்குரியவை.

மழையின் கதை வேறு. மழைத்துளி இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை பருக்கும்போது அலைநீளத்தோடு ஒப்பிடத் தக்க அளவுக்கு வந்துவிடுகிறது. மணிக்கு 50 மில்லிமீட்டர் வீதம் பெய்யும் கனமழையில் 7 ஜிகாஹெர்ட்ஸ் அலை கிலோமீட்டருக்குச் சுமார் 0.6 டெசிபல் இழக்கும். 12 ஜிகாஹெர்ட்ஸில் அது 2.4 டெசிபல் அளவு, 18 ஜிகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 5 டெசிபல். இந்தியாவில் தொலைபேசி நிறுவனங்கள் நீண்ட தொலைவு இணைப்புக்கு 6, 7 ஜிகாஹெர்ட்ஸையும், கோபுரத்திலிருந்து பக்கத்துக் கோபுரத்துக்கு 13, 15, 18, 21 ஜிகாஹெர்ட்ஸையும் பயன்படுத்துவதன் காரணம் இந்த எண்களிலேயே தெரிகிறது. கன்னி மலையில் நின்று பள்ளத்தாக்கைத் தாண்டி 15 கிலோமீட்டர் பார்க்கும் ஓர் இணைப்பை 18 ஜிகாஹெர்ட்ஸில் வடிவமைத்துவிட்டு ஆடி மாதத்தில் அழுவதில் பயனில்லை. அது பழுதே அல்ல, திட்டப்பிழை. ஆனால் மழையால் வரும் இழப்புக்கு ஓர் அடையாளம் உண்டு: மழை குறைந்த சில நிமிடங்களில் அது தானே விலகும். பாதையில் துளி இல்லாவிட்டால் இழப்பும் இல்லை. மழை நின்று ஒரு மணி நேரம் கழித்தும் சிக்னல் திரும்பவில்லை, மறுநாள் வெயில் ஏறி பத்து மணிக்குத்தான் மெல்ல எழுந்து வருகிறது என்றால், அது காய்ந்துகொண்டிருக்கும் ஒரு பெட்டியின் நேரக்கணக்கு.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மார்கழி, தை மாதங்களில் காற்று அசையாத இரவுகளில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். மேலே சூடான காற்று நிற்கும். அந்த எல்லையில் மைக்ரோவேவ் வளைந்து, ஒரே சிக்னல் இரண்டு வழிகளில் வந்து தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். விடியற்காலையில் மஞ்சும் அதே பள்ளத்தில்தான் நிற்கும். அப்படியானால் மஞ்சு நேரத்து இழப்புக்குக் கருவியைக் குறைசொல்வது சரியா? தரையோடு தரையாகப் போகும் கோபுர இணைப்பைப் பொறுத்தவரை இந்த மறுப்பு செல்லும். வானத்தை நோக்கி நிமிர்ந்த டிஷ்ஷுக்குச் செல்லாது. கோபுரத்திலும் இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. பல வழி அலைகளால் வரும் சரிவு நொடிக்கு நொடி ஏறி இறங்கும், சில சமயம் வழக்கமான அளவைவிடக்கூட மேலே போகும். ஈரத்தால் வரும் சரிவு மெதுவாக இறங்கி அங்கேயே உட்காரும். வழக்கமான அளவைத் தாண்டி ஒருபோதும் மேலே போகாது. பாலக்காட்டுக் கணவாயில் கார்த்திகை முதல் வீசும் கிழக்குக் காற்று இந்த அடுக்குகளைக் கலைத்துவிடும் என்பதால், வாளையாறு, வேலந்தாவளம் பக்கத்துச் சமவெளியில் இதைவிட, காற்றில் டிஷ் திரும்பிவிட்டதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 60 சென்டிமீட்டர் டிஷ் 18 ஜிகாஹெர்ட்ஸில் சுமார் 2 டிகிரி அகலம்தான் பார்க்கிறது. பிடிமானம் ஒரு டிகிரி நழுவினாலே பாதி சக்தி போய்விடும்.

தண்ணீர் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதை எண்ணால் பார்த்தால் இந்த வாதத்துக்கு ஏன் இவ்வளவு இடம் கொடுக்கிறேன் என்று தெரியும். கேபிளின் பாலிஎத்திலீனுக்கு டைஎலக்ட்ரிக் மாறிலி 2.25. தண்ணீருக்கு ஒன்றிரண்டு ஜிகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 80. எஃப் கனெக்டருக்குள் காற்று இருக்க வேண்டிய இடைவெளியில் தண்ணீர் நிறைந்தால், அங்கே இருக்க வேண்டிய 75 ஓம், எட்டு ஓம் சுமாருக்கு விழும். அலையின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிப் போகும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் அந்த மழைநீர் பெரிதாக ஒன்றும் காட்டாது, இணைப்பு நன்றாக இருப்பதாகத்தான் சொல்லும். போதாக்குறைக்கு அதே கம்பியில் எல்.என்.பி.க்கான 13 அல்லது 18 வோல்ட் மின்சாரமும் போகிறது. ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் செம்பு பச்சை பூத்து அரிபடும். அந்த இடத்தில் வோல்ட் குறையக் குறைய, 18 வோல்ட்டை எதிர்பார்க்கும் எல்.என்.பி. தன் அலைத்தளத்தை (போலரைசேஷனை) மாற்ற மறுக்கும்; அந்தத் தளத்துச் சேனல்கள் வராது. ஆகவே பாதிச் சேனல்கள் மட்டும் காணாமல் போயிருந்தால் எல்.என்.பி.யைக் கழற்றாதீர்கள், அது வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதன் வாயிலில் வோல்ட்டை அளந்து பாருங்கள்.

இவற்றையெல்லாம்விடக் கொடியது முதல் டிரான்சிஸ்டருக்கு முன்னால் நிற்கும் ஈரம். நல்ல எல்.என்.பி. ஒன்றின் சொந்த இரைச்சலை வெப்பநிலையாகச் சொன்னால் 50 கெல்வின் என்று வைத்துக்கொள்வோம். தெளிந்த வானத்திலிருந்து 20 கெல்வின் வருகிறது. மொத்தம் 70. இப்போது ஹார்ன் மூடியில் ஒரு நீர்ப்படலம் ஒரே ஒரு டெசிபலை விழுங்குகிறது. சிக்னல் ஒரு டெசிபல் குறைந்தது, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் விழுங்கும் எந்தப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ற இரைச்சலை வெளியிடும். கணக்குப் போட்டால் மொத்த இரைச்சல் 158 கெல்வினுக்கு ஏறுகிறது; சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 3.5 டெசிபல் கெட்டுப்போகிறது. அதே ஒரு டெசிபல் இழப்பு எல்.என்.பி.க்குப் பின்னால் கேபிளில் நேர்ந்தால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். கேபிளை உயர்ந்த ரகமாக மாற்றிவிட்டு மூடியின் விரிசலை விட்டுவிடுகிறவர், பணத்தைத் தவறான முனையில் செலவழிக்கிறார்.

தானே சர்க்யூட் அமைக்கிறவருக்கும் இதே பாடம்தான். 10 ஜிகாஹெர்ட்ஸ் அலை காற்றில் 3 சென்டிமீட்டர், சாதாரண எஃப்.ஆர்.4 போர்டின் மேல் ஓடும் பட்டைக்கோட்டில் அது சுமார் 16 மில்லிமீட்டர். கால் அலைநீளம் 4 மில்லிமீட்டர். அந்த அளவில் கம்பி, துளை, சோல்டர் கட்டி என்று தனித்தனியாக எதுவும் இல்லை, எல்லாமே சர்க்யூட்டின் உறுப்புகள். 1.6 மில்லிமீட்டர் போர்டில் மேலிருந்து அடித்தளக் கிரவுண்டுக்குப் போகும் 0.4 மில்லிமீட்டர் துளை ஒன்றின் தூண்டம் சுமார் 1.2 நானோஹென்றி. குறைந்த அதிர்வெண்ணில் அது வெறும் செம்பு. 10 ஜிகாஹெர்ட்ஸில் 75 ஓம். டிரான்சிஸ்டரின் சோர்ஸ் கால் கிரவுண்டில் இருப்பதாகப் படத்தில் வரைந்திருப்போம். அது உண்மையில் 75 ஓமுக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். பெருக்கம் குறைகிறது, அல்லது ஆம்ப்ளிஃபயர் தானே ஊசலாடத் தொடங்குகிறது, டிரான்சிஸ்டர் கெட்டது என்று மாற்றுகிறோம், புதியதும் அப்படியே நடந்துகொள்கிறது. அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள போர்டுக்கு மாறினால் அதே துளை 17 ஓம் அளவுக்கு இறங்கும். காலைச் சுற்றி நான்கு துளைகள் போட்டால் இன்னும் கீழே போகும். எஃப்.ஆர்.4-ஐ ஒதுக்கச் சொல்லும்போது எல்லோரும் அதன் இழப்பைக் காட்டுவார்கள். அது உண்மைதான்: அதன் இழப்பெண் 0.02, ரோஜர்ஸ் 4003சி போர்டின் 0.0027-ஐவிட ஏழு மடங்கு. ஆனால் மூணாறில் வைக்கப்போகிறவருக்கு அதைவிடப் பெரிய குறை, அது ஈரத்தை உறிஞ்சுவது. உறிஞ்சினால் அதன் மாறிலி நகரும். வறண்ட மேசையில் சரியாக ஒத்திசைந்த வடிகட்டி ஆனி மாதத்தில் பத்து மெகாஹெர்ட்ஸ் கணக்கில் இடம் மாறி நிற்கும்.

சிமுலேஷனில் எல்லாம் சரியாக வந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. வரும்தான். மென்பொருள் நாம் வரைந்து கொடுத்த வடிவத்தைத்தான் தீர்க்கிறது. வரையாத மூடியை அது அறியாது. 20 மில்லிமீட்டர் அகலமும் 25 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உலோகப் பெட்டி 9.6 ஜிகாஹெர்ட்ஸில் தானே ஒத்ததிரும்; உள்ளே போர்டு இருந்தால் இன்னும் சற்றுக் கீழே. 10 ஜிகாஹெர்ட்ஸ் ஆம்ப்ளிஃபயருக்கு அழகாகப் பொருந்துகிறதே என்று அப்படியொரு பெட்டியை வாங்கினால், திறந்திருக்கும்போது ஒழுங்காக வேலைசெய்து மூடியைத் திருகியதும் ஊளையிடும். இதைக் கண்டுபிடிக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர்கூட வேண்டாம். ஆம்ப்ளிஃபயர் எடுக்கும் மின்னோட்டத்தைப் பார்த்துக்கொண்டே மூடியை வையுங்கள். எண் தாவினால் ஊசலாட்டம். விரலை அருகில் கொண்டுபோனாலும் அது மாறும். மருந்து, பெட்டியின் அகலத்தைக் குறைப்பது, அல்லது மூடியின் உட்புறத்தில் அலையை உறிஞ்சும் ரப்பர் தகடு ஒட்டுவது.

அடைப்பு விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிப்பதில்லை. தண்ணீர் புகாதபடி பெட்டியை முழுக்க மூடிவிட்டால் போதும் என்பார்கள். வெயிலில் 50 டிகிரிக்குச் சூடான பெட்டியின் மேல் திடீரென மழை கொட்டி உள்ளே 20 டிகிரி ஆனால், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 9 சதவீதம் விழும். மயிரிழை இடுக்கு இருந்தாலும் அது வெளியே வழியும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. தொழிற்சாலைத் தரத்தில் உலர்காற்று அடைத்து மூட முடியாதவர், பெட்டியின் மிகத் தாழ்ந்த புள்ளியில் 2 மில்லிமீட்டர் துளை ஒன்று விடுவதே மேல். அதன் வழியே சிக்னல் கசியாதா என்றால், அந்த அகலமுள்ள துளை சுமார் 88 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கடத்தாது. எறும்பு வரும் என்பது மட்டும் நியாயமான புகார். மெல்லிய வலை வைத்துக்கொள்ளலாம். வெளிக் கனெக்டர்களுக்குத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், ஓடு வேய்வது போல மேல் சுற்று கீழ்ச் சுற்றின்மேல் படியும்படி. காடி வாசம் அடிக்கும் சிலிக்கான் பசையை அருகில் சேர்க்காதீர்கள். அந்த வாசமே செம்பை அரிக்கும் அசெட்டிக் அமிலம்.

பாலக்காட்டுப் பக்கம் எதிரி வேறு. மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் மொட்டைமாடி டிஷ்ஷின் எல்.என்.பி. அதைவிடச் சூடாகும். மதியம் இரண்டு மணிக்குக் கெட்டு இரவில் சரியாகும் பழுதுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். சூட்டால் பெருக்கம் குறைந்து உள்ளூர் ஆசிலேட்டர் நகர்வது ஒன்று. சோல்டர் விரிசல் விரிவது இன்னொன்று. ஈரத்துணியைச் சுற்றிக் குளிரவைத்தால் முன்னது வழுக்கிக்கொண்டு சரியாகும், பின்னது சட்டென்று. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் மட்டும் காலை 11 மணியை ஒட்டிச் சில நிமிடம் டி.டி. ஃப்ரீ டிஷ் நின்றால் எதையும் தொடவேண்டாம்; 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15க்கு நேர் பின்னால் சூரியன் வந்து போகிறது.

கருவி இல்லாமல் எப்படிச் சோதிப்பது என்ற கேள்விக்குப் பதில், கருவி ஏற்கெனவே வீட்டில் கிடக்கிறது என்பதுதான். பழைய எல்.என்.பி. 9.75 ஜிகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரைக் கொண்டு 10.7 முதல் 11.7 வரையுள்ள அலைகளை 950 முதல் 1950 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடுகிறது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும், கணினியில் செருகும் ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். ரேடியோ டாங்கிள் அதில் பெரும்பகுதியைக் கேட்கும். எல்.என்.பி.க்கு வோல்ட் கொடுக்கும் வழியைத் தனியாகச் செய்து, அது டாங்கிளுக்குள் போகாமல் தடுக்க வேண்டும். தானியங்கிப் பெருக்கத்தை அணைத்துவிட்டு, டிஷ் இல்லாத வெறும் எல்.என்.பி.யைத் தெளிந்த வானத்தின் உச்சிக்குக் காட்டி இரைச்சல் அளவைக் குறியுங்கள். பிறகு தரைக்குக் காட்டுங்கள். மேலே சொன்ன நல்ல எல்.என்.பி. ஏறக்குறைய 7 டெசிபல் வித்தியாசம் காட்டும். மூடியில் அந்த ஒரு டெசிபல் ஈரம் இருந்தால் அது 4.3-ஆகச் சுருங்கும். ஹேர் டிரையரால் மிதமான சூட்டில் உலர்த்தி மறுபடி பாருங்கள். திரும்பி ஏறினால் குற்றவாளி ஈரம். ஏறாவிட்டால் முன்னணி டிரான்சிஸ்டர் மேல் சந்தேகம் கொள்ளலாம்.

டிரான்சிஸ்டர் சாவதே இல்லையா? சாகிறது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி இந்த மலைகளில் தவறாமல் வரும். ஹெம்ட் வகை டிரான்சிஸ்டரின் கேட் மிக மெல்லியது. நேரடி இடி விழாமல் பக்கத்தில் விழுந்தாலே அது பாதி காயப்பட்டு, பெருக்கம் அப்படியே இருக்க இரைச்சல் மட்டும் கூடி நிற்கும். ஆனால் அந்தச் சாவுக்குத் தேதி உண்டு: அந்தப் பிற்பகலுக்கு முன் நன்றாக இருந்தது, பின் எந்த வெயிலிலும் தேறவில்லை. அதேபோல் மின்சாரமே இல்லாமல் போவதும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை பெட்டிமுடியில் மண் சரிந்தபோது மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றிருந்ததால் செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆனது. மலையில் ஒரு நிலையத்தைப் பராமரிக்கிறவர் சர்க்யூட்டைச் சந்தேகிப்பதற்கு முன் பேட்டரியை அளக்க வேண்டும், மழைக்காலம் வருவதற்கு முன்பே அளக்க வேண்டும்.

இன்னும் நுட்பமாகப் போக விரும்புகிறவருக்கு 25.9 டிகிரி கிழக்கில் நிற்கும் எஸ்ஹெய்ல்-2 செயற்கைக்கோளின் கியூ.ஓ-100 அமெச்சூர் அலைமாற்றி உதவும். 2018-இல் ஏவப்பட்டு 2019 தொடக்கத்தில் திறக்கப்பட்ட அது, 10489.75 மெகாஹெர்ட்ஸில் இடைவிடாத அடையாள அலை ஒன்றை அனுப்புகிறது. நம் பகுதியிலிருந்து மேற்கே, சற்றுத் தெற்கு சாய்ந்து, தொடுவானத்துக்கு மேல் 31 டிகிரி உயரத்தில் அது நிற்கிறது. மேற்கு திறந்த மலைச்சரிவில் தடையே இருக்காது. எல்.என்.பி. அதை 739.75 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கித் தரும். கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அனுப்புவதற்கு உரிமம் வேண்டும். பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை அந்த அலை டாங்கிளில் எந்த இடத்தில் தெரிகிறது என்று எழுதினால், உங்கள் ஆசிலேட்டர் சூட்டுக்கு எவ்வளவு நகர்கிறது என்பது தெரிந்துவிடும். அதன் உயரத்தைத் தெளிந்த நாளிலும், மஞ்சு நாளிலும், மழை விட்ட ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் குறியுங்கள். மூணாறில் ஒன்றும், மழை மறைவில் கிடக்கும் மறையூரில் அதே ரகத்தில் இன்னொன்றும் வைத்து ஒப்பிட முடிந்தால் இன்னும் நல்லது. ஆடியில் மழை விட்ட பிறகும் மூணாறில் மட்டும் கெட்டு நிற்பது எதுவோ அதுவே உங்கள் அடைப்பின் குறை. ஆகவே மாற்றிக் கழற்றிய எல்.என்.பி.யைப் பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள். உலர்த்தி, தரைக்கும் வானத்துக்கும் காட்டிப் பார்த்து, தேறினால் சோதனைக் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள்; தேறாவிட்டால் அறுத்துத் திறந்து தண்ணீர் எந்த இடுக்கில் புகுந்தது என்று பாருங்கள், அடுத்ததை அங்கே அடைக்கலாம்.